மேற்படி மூவரும் ஒருவரே

குர்லா கோர்ட்டுக்கு வெளியே
நீலத் தார்ப்பாய்க்குக் கீழே என் மேசை.
பெயர் பிசகியவர்களுக்கு நான் வேண்டும்.
ரேஷன் கார்டில் சுடலைமுத்து,
பாங்கில் எஸ். முத்து,
ஆதாரில் யாரோ அவசரத்தில் தட்டிய சுட்லை.
‘மேற்படி மூவரும் ஒருவரே’ என்று
சத்தியப் பத்திரம் அடிக்க முந்நூறு ரூபாய்.
நோட்டரி முத்திரை தனி.

பத்தொன்பது வருடமாக
இந்த ஒரு வாக்கியத்தில்தான் என் அடுப்பு எரிகிறது.
இதே வாக்கியத்தால்தான்
தங்கை கெத்சியாள் என் வீட்டில் சாப்பிடுவதில்லை.

தாராவியில், ஷட்டர் போட்ட கடைக்குள் ஒரு சபை.
சின்டெக்ஸ் தொட்டியை அறுத்து வைத்து
இயேசுவின் பெயரில் மட்டும்
மறுபடி முழுகி எழுந்தவள் அவள்.
“பிதா, குமாரன், ஆவி எல்லாம் பட்டம்ணே.
ஆளு ஒண்ணு, பேரு ஒண்ணு.
அப்பா வீட்டுல அப்பா, மில்லுல ஜாபர், கோயில்ல செக்ரட்டரி.
நமக்கு மூணு அப்பாவா?”

“அப்படின்னா கெத்செமனேயில்
முகங்குப்புற விழுந்து கெஞ்சினது யார்கிட்ட?
தன்கிட்டயேவா?”

சோற்றை அப்படியே மூடிவைத்து எழுந்தாள்.
குருத்தோலை ஞாயிறு. வஞ்சிர மீன்.

முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்தவன் நான்.
இலக்கணத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.
ஒருவன் என்றால் ஒருமை.
ஒருவர் என்றால்
பலர்பால் விகுதி ஏறியும் ஆள் ஒன்றேதான்.
நம் பாஷைக்கே தெரிந்திருக்கிறது, கெத்சி,
வணங்கும்போது ஒன்று
எண்ணிக்கை கூடாமலே அகலமாகும் என்று.
“விகுதி இரட்சிக்காதுண்ணே” என்று போனை வைத்தாள்.

அடுத்த மேசை நிஸார் பாய் ஒரே தடவை கேட்டார்:
“உங்க ஆளுக்குப் பசிச்சதாமே. படகுல தூங்கினாராமே.”
ஆமாம் என்றேன்.
“அல்லாவுக்குத் தூக்கமே கிடையாது” என்றார், கோபமில்லாமல்.
இரண்டு கட்டிங் சாயா சொன்னார்.

போன ஜூலையில்
தார்ப்பாய் மழைநீர் கோத்துத் தொட்டிலாய்த் தொங்கிய மதியம்
இசக்கியம்மாள் வந்தாள்.
தோல் பட்டறைப் பதிவில் புருஷனுக்கு ஒரு பெயர்,
சயான் ஆஸ்பத்திரி மரணச் சீட்டில் வேறு.

“வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?”
“பேர் சொன்னதில்ல. இந்தாங்கன்னா திரும்புவாக.”

விசைகளின்மேல் விரல் நின்றுபோனது.

“முகத்தைப் பார்த்தீங்களா?”
“முகம் இல்ல. சுண்ணாம்புத் தொட்டி.
வலது கையக் காட்டுங்கன்னேன்.
உள்ளங்கையில கத்தி ஏறின தழும்பு.
நாந்தான் மஞ்சள் வச்சுக் கட்டுனேன்.
அவுகதான்னேன்.”

படிவத்தில் அந்தக் கட்டம் என்றும் உண்டு:
அங்க அடையாளம்.
ஏதோ ஒரு மச்சம் என்று அடித்துவிட்டு
எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பேன்.

பூட்டிய அறை. எட்டு நாள் கழித்து.
தோமா ஒருவரா மூவரா என்று கேட்கவில்லை.
கையைக் கேட்டான்.
பார்த்ததும் அவன் வாயில் வந்தது
அவன் குலத்தார் வானத்தைத் தவிர
எங்கும் நோக்கிச் சொல்லாத சொல்.
அதை ஒரு காயத்திடம் சொன்னான்.

கடவுளுக்கு அடிபட்டிருக்கிறது.
இல்லை,
அடிபட்டவர்தான் கடவுளாக இருந்தார்.
இரண்டும் ஒன்றா?
எனக்கு வாக்கியம் அமையவில்லை.

இசக்கியம்மாளிடம் பணம் வாங்கவில்லை
என்று எழுத ஆசை.
வாங்கினேன். நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரவு கெத்சியாளுக்குப் போன்.
பின்னால் அவள் சபையின் டிரம் சத்தம்.
நடந்ததைச் சொன்னேன். கையைப் பற்றி மட்டும்.
டிரம் நின்று, கைதட்டல் நின்று,
நாற்காலிகள் இழுபடும் வரை
அவள் பேசவில்லை.

“ஞாயித்துக்கிழமை வா. மீன் வாங்குறேன்.”
“ஞானஸ்நானத்தப் பத்தி வாயத் திறக்கக் கூடாது.”
“திறக்க மாட்டேன்.”
“சத்தியமா?”

சத்தியமாக, என்றேன்,
முத்திரை இல்லாமல்.